100 கிலோமீட்டர் 400 கே.வி. (கிலோவோல்ட்) மின்கடத்தும் லைன்: டவர் ஒரு வாரத்தில் எழும்பினால் நாலு வருடம் எங்கே போகிறது?

மின்விசிறி, மார்ச் 3, இரவு 9.40

ஒரு கேங் (வேலைக்குழு) ஒரு டவரை ஆறேழு நாளில் நட்டுவிடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 270 டவர் என்று வையுங்கள். பத்து கேங் இறக்கினால் ஆறரை மாதம். அடித்தளத்துக்கு ஆறு மாதம், கம்பி இழுக்க நாலு மாதம். ஒன்றரை வருடத்துக்கு மேல் போக வேண்டிய வேலையே இல்லை. ஆனால் கேட்டால் நாலு வருடம், ஐந்து வருடம் என்கிறார்கள். சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் உண்டா?

தொய்வு, மார்ச் 3, இரவு 11.15

பெருக்கல் சரி. பெருக்கியதுதான் தப்பு.

270 டவரில் 269 நின்றால் 99.6 சதவீதம் முடிந்தது என்று அறிக்கை எழுதலாம். போகிற மின்சாரம் பூஜ்யம். சாலை பாதி முடிந்தால் பாதித் தூரம் வண்டியாவது ஓடும். லைனில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் சராசரி வேகத்தை வைத்து நாள் கணக்குப் போடக்கூடாது. எந்த லொக்கேஷன் (டவர் நிற்கும் இடம்) கடைசியாகக் கைக்கு வரும், அது என்றைக்கு வரும்: கால அளவு அவ்வளவுதான். அந்தக் கடைசி லொக்கேஷன் சாதாரண வயல்வெளியில் இருக்காது. ஆற்றுப் படுகை, ரயில் கிராசிங், காட்டு அனுமதி வராத துண்டு, வாரிசுத் தகராறில் இருக்கும் நிலம், இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்.

தொய்வு, மார்ச் 4, காலை 7.05

இரவு அவசரத்தில் எழுதியது. ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் ஒன்று, ஒன்றரை வருடம் மண்ணில் ஒரு குழிகூட விழாது. வெளியில் இருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரிதான் தெரியும். பிறகு வரும் தலைவலிகளில் பாதி அப்போதுதான் விதைக்கப்படுகிறது.

முதல் கேள்வி வோல்டேஜ். லைனுக்கு இயல்பான பாரம் என்று ஒன்று உண்டு. அந்தப் பாரத்தில், லைன் தானே உண்டாக்கும் ரியாக்டிவ் பவரும் (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் ஊசலாடும் மின்திறன்) தானே விழுங்கும் ரியாக்டிவ் பவரும் சமமாகிவிடும். 220 கே.வி. ஒற்றைக் கம்பிக்கு (லைனின் மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி) அது 125 முதல் 130 மெகாவாட். 400 கே.வி. இரட்டைக் கம்பிக்கு 500 மெகாவாட்டுக்குச் சற்று மேல். 765 கே.வி. நாலு கம்பிக் கொத்துக்கு 2200 பக்கம். வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் இந்த எண்ணை உச்சவரம்பாக எடுத்துக்கொள்வது பொதுவான தப்பு. 80 கிலோமீட்டர் லைனில் இதைப் போல மூன்று மடங்கு வரை ஏற்றலாம். அங்கே வரம்பு கம்பியின் சூடு. 480 கிலோமீட்டர் போனால் ஒரு மடங்குதான். அங்கே வரம்பு வோல்டேஜும் நிலைத்தன்மையும். செயின்ட் கிளேர் 1953-இல் வரைந்த வளைகோடு இது, இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு அதைத்தான் எடுக்கிறார்கள்.

அடுத்தது, ஏதாவது ஒரு லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ விழுந்தால் மிச்சம் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் ஆய்வு. கோடை உச்சம், மழைக்காலக் குறைவு, நள்ளிரவு வெறும் லைன் என்று எல்லா நிலைக்கும் பார்க்க வேண்டும். வெறும் லைன் ஏன் என்றால், 400 கே.வி. இரட்டைக் கம்பி கிலோமீட்டருக்கு சுமார் 0.55 எம்விஏஆர் (ரியாக்டிவ் பவரின் அலகு) உற்பத்தி செய்யும். 100 கிலோமீட்டருக்கு 55. பாரம் இல்லாத நேரத்தில் மறுமுனை வோல்டேஜ் அனுப்பும் முனையைவிட உயரும். நீளமான லைனுக்கு ஷன்ட் ரியாக்டர் (அந்த ரியாக்டிவ் பவரை விழுங்கும் சுருள்) வைப்பது இதற்காக. ரியாக்டர் ஆர்டரை மறந்துவிட்டு லைனைக் கட்டி முடித்தால் அது சார்ஜ் பண்ண (மின்சாரம் ஏற்ற) முடியாத லைன்.

சங்கிலி, மார்ச் 4, மதியம் 1.20

சர்வே பக்கம் நான் சொல்கிறேன். மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது ரூட் ஆகாது. குறைந்தது மூன்று மாற்றுப் பாதை, ஒவ்வொன்றையும் நடந்து பார்க்க வேண்டும். லைடார் (லேசர் அளவீட்டுக் கருவி) பறக்கவிட்டால் தரை, மரம், கூரை எல்லாம் புள்ளிகளாக வந்துவிடும். ஆனால் புதிதாகத் தோண்டிய கிணறும், கல் ஊன்றிய வீட்டு மனையும் நடந்தால்தான் கண்ணில் படும். அதுவும் செக் சர்வே (கட்டும் முன் மறுஅளவீடு) வருவதற்குள் நாலு கூரை முளைத்திருக்கும்.

ஆங்கிள் பாயின்டைக் குறைக்கப் பாருங்கள். லைன் திரும்பும் இடத்தில் கம்பியின் இழுவிசை டவரைப் பக்கவாட்டில் இழுக்கும். அளவு: இரண்டு மடங்கு இழுவிசை, பெருக்கல் பாதிக் கோணத்தின் சைன். 15 பாகைக்கு இழுவிசையில் கால் பங்கு, 30 பாகைக்குப் பாதி, 60 பாகைக்கு முழு இழுவிசையும் பக்கவாட்டில். மூஸ் என்கிற கண்டக்டர் கம்பியின் (எஃகு நடு, சுற்றி அலுமினிய இழை) அறுபலம், அதாவது அறுந்துபோகும் இழுவிசை, சுமார் 161 கிலோநியூட்டன். கடும் காற்றில் அதில் 70 சதவீதம் வரை போகலாம் என்று வடிவமைத்தால், இரட்டைக் கம்பிக்கு ஒரு ஃபேஸுக்கு 225. இரட்டை சர்க்கியூட் (ஒரே டவரில் இரண்டு லைன்) என்றால் ஆறு ஃபேஸ். 60 பாகை டவரின் எடையும் அடித்தளமும் நேர்வழி சஸ்பென்ஷன் டவரை (கம்பியைத் தொங்கவிட்டுத் தாங்குவது) போல இரண்டு மடங்கைத் தாண்டுவது இதனால்தான். ஒரு வீட்டைத் தவிர்க்க இரண்டு ஆங்கிள் போடுவதற்கு முன், அந்த வளைவை இரண்டு கிலோமீட்டர் முன்னாடியே 2 பாகைக்குள் தொடங்க முடியுமா என்று பாருங்கள். 2 பாகை வரை சஸ்பென்ஷன் டவரே தாங்கும்.

மின்விசிறி, மார்ச் 4, இரவு 8.30

சரி. அப்படியானால் டவரின் உயரத்தைக் கூட்டி ஸ்பேனை (இரண்டு டவருக்கு இடையிலான தூரத்தை) நீட்டினால் டவர் எண்ணிக்கையே குறையுமே? 400 மீட்டருக்குப் பதில் 600?

தொய்வு, மார்ச் 4, இரவு 10.50

இது எண்ணில் பார்க்க வேண்டிய விஷயம். மூஸ், மீட்டருக்கு 2.004 கிலோ, அதாவது 19.66 நியூட்டன். சாதாரண நாளில் அறுபலத்தில் 22 சதவீதம் இழுத்துக் கட்டினால் 35.4 கிலோநியூட்டன். தொய்வு (கம்பி நடுவில் தாழும் அளவு) = எடை × ஸ்பேனின் வர்க்கம் ÷ (8 × இழுவிசை). 400 மீட்டருக்கு 11.1 மீட்டர். 600 மீட்டருக்கு, அதே இழுவிசையில், 25. ஸ்பேன் ஒன்றரை மடங்கு, தொய்வு இரண்டேகால் மடங்கு. டவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் ஒவ்வொன்றும் 14 மீட்டர் கூடுதல் உயரம். உயரம் கூடினால் காற்றின் நெம்புகோலும் கூடும், அடிப்பகுதி அகலமும் கூடும். ஆற்றைத் தாண்ட வேறு வழியில்லை என்றால் மட்டும்.

ஸ்பேனைவிடப் பெரிய விஷயம் சூடு. இந்த 400 மீட்டர் ஸ்பேனில் கம்பியின் நீளம் 400 மீட்டர் 82 சென்டிமீட்டர். 32 பாகையில் கட்டியது, பாரம் ஏறி 75 பாகைக்குப் போகிறது. நீளம் கூடுவது 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. தொய்வு 11.1-இலிருந்து 12.9-க்கு இறங்குகிறது. ஒரு அடி நீளாத கம்பி ஆறு அடி கீழே வருகிறது. குளிர்காலக் காலையில் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு "நிறைய இடம் இருக்கே" என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுக்கலாம்.

தொய்வு, மார்ச் 5, காலை 6.40

நேற்றைய கணக்கில் க்ரீப்பை விட்டுவிட்டேன். அலுமினியம் இழுவிசையிலேயே தொங்கிக்கொண்டு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். முதல் சில நாளில் வேகமாக, பிறகு மெதுவாக. அதனால் புதுக் கம்பியைக் கட்டும்போது, உண்மையான வெப்பநிலையைவிட 20 பாகைக்கு மேல் குளிராக இருப்பதுபோல் வைத்து, அந்த அட்டவணைப்படி இறுக்கிக் கட்டுவார்கள். பத்து வருடத்தில் அது தானே இறங்கிச் சரியான இடத்துக்கு வரும். இதை ஈடு செய்யாமல் கட்டினால் முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏழாவது வருடம் தரை இடைவெளி விதிக்குக் கீழே போயிருக்கும். அப்போது கட்டியவர்கள் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

ரிலே, மார்ச் 5, காலை 9.10

தொய்வு சார் சொன்னதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2003 ஆகஸ்ட் 14, ஒஹாயோ. 345 கே.வி. லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்தில் பட்டு விழுந்தன. முதலில் விழுந்த லைன் தன் திறனில் பாதிகூட ஏற்றப்படாத நிலையில்தான் இருந்தது. கம்பி இறங்கியது ஒரு பக்கம், வெட்டாமல் விட்ட மரம் மறுபக்கம். அதன் பாரம் அடுத்த லைனுக்குப் போனது, அது இன்னும் சூடாகி இன்னும் தாழ்ந்தது. சாயங்காலத்துக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில். மரம் வெட்டுகிற ஆள் டவருக்குப் பக்கத்தில் சுத்தமாக வெட்டுவார், நடு ஸ்பேனை விட்டுவிடுவார். ஆபத்து முழுக்க நடு ஸ்பேனில்.

சங்கிலி, மார்ச் 5, மாலை 6.00

மேடு பள்ளம் பற்றி யாரும் பேசவில்லை. மலைச்சரிவில் பக்கத்து டவர்களின் கம்பி கட்டும் மட்டம் 40 மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள், ஸ்பேன் அதே 400. கம்பியின் தாழ்ந்த புள்ளி நடுவில் இருக்காது, கீழ் டவர் பக்கம் நகரும். நகரும் தூரம் = இழுவிசை × மட்ட வித்தியாசம் ÷ (எடை × ஸ்பேன்). 35.4 கிலோநியூட்டனுக்கு 180 மீட்டர். கீழ் டவருக்கு 20 மீட்டர் இந்தப் பக்கம் நிற்கிறது, சரி. குளிரில் இழுவிசை 40-ஐத் தாண்டும்போது அதே தூரம் 205 ஆகிறது. தாழ்ந்த புள்ளி கீழ் டவரையும் தாண்டி வெளியே போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கம்பி இப்போது டவரை அழுத்தவில்லை, மேலே தூக்குகிறது. மறுபக்க ஸ்பேனின் எடை அதை அமுக்காவிட்டால் இன்சுலேட்டர் சரம் தொங்குவதற்குப் பதில் கிடையாகி, கம்பி கிராஸ் ஆர்மை (டவரின் கையை) நெருங்கும்.

வெயில் காலத்தில் ப்ரொஃபைல் (தரையும் கம்பியும் காட்டும் நெடுக்குப் படம்) பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு லொக்கேஷனுக்கும் வெயிட் ஸ்பேனை (இரு பக்கத் தாழ்ந்த புள்ளிகளுக்கு இடையில் அந்த டவர் சுமக்கும் கம்பி நீளத்தை) உச்ச வெப்பத்திலும் தாழ்ந்த வெப்பத்திலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மைனஸ் வந்தால் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு டென்ஷன் டவர் (கம்பியை இழுத்துக் கட்டும் டவர்) வைக்க வேண்டும், இல்லையென்றால் கீழ் டவருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்து உயர்த்த வேண்டும். எடை கட்டித் தொங்கவிடுவது மூன்றாவது வழி. அது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி.

மின்விசிறி, மார்ச் 6, இரவு 9.00

சோம்பேறித்தனம் என்றதை வாபஸ் வாங்குகிறேன், முக்கால்வாசி. அடித்தளம்? நாலு குழி, கான்கிரீட், மூடு. அதில் என்ன ஆய்வு?

தொய்வு, மார்ச் 7, காலை 7.30

கட்டட அடித்தளம் அமுங்கக் கூடாது. டவர் அடித்தளம் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது இரண்டு கால் அழுத்தும், இரண்டு கால் மேலே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது கான்கிரீட் மட்டும் இல்லை, அதன்மேல் நிற்கும் மண்ணும்தான். கான்கிரீட் தட்டின் விளிம்பிலிருந்து 30 பாகை விரிந்து மேலே வரும் கூம்பு அளவு மண்ணை எடுத்துக்கொள்வோம்.

எண்ணில்: தட்டு 2.5-க்கு 2.5 மீட்டர், ஆழம் 3 மீட்டர். கூம்பின் மேல்பக்கம் ஏறக்குறைய 6-க்கு 6. கனஅளவு 57 கனமீட்டர், காய்ந்த மண் கனமீட்டருக்கு 1440 கிலோ, மொத்தம் 82 டன். அதே குழி, நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்துவிட்டது: விரிவு 15 பாகையாகக் குறையும், கனஅளவு 33, நீரில் மூழ்கிய மண்ணின் எடை 940. மொத்தம் 31 டன். அதற்குமேல் கான்கிரீட்டும் மிதப்பு விசையில் கனமீட்டருக்கு ஒரு டன்னை இழக்கும். சித்திரையில் குழி தோண்டிப் பார்த்து "காய்ந்த மண்" என்று எழுதிவிட்டு வந்தால், ஐப்பசியில் அந்த அடித்தளம் பாதிக்கும் குறைவான பலத்தில் நிற்கும்.

ஆகவே மண் சோதனை என்பது சடங்கு இல்லை. காய்ந்த மண், ஈர மண், பாதி மூழ்கல், முழு மூழ்கல், கரிசல், பிளவுபட்ட பாறை, கெட்டிப் பாறை, ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம். ஆற்றுப் படுகையில் பைல் (ஆழத் தூண் அடித்தளம்).

திரும்ப நிரப்புவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மண் தள்ளுகிற வேலையாக நினைக்கிறார்கள். மேலே சொன்ன 82 டன்னில் பெரும்பங்கு அந்தக் குழிக்குள் திரும்பப் போடும் மண்ணும் அதை அடுத்த மண்ணும்தான். 20, 30 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட வேண்டும். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளினால் கூம்பு வரைபடத்தில் மட்டும் இருக்கும்.

சங்கிலி, மார்ச் 7, காலை 11.45

சின்னத் திருத்தம் சார். 30 பாகை களிமண் கலந்த ஒட்டுமண்ணுக்கு. ஒட்டாத மணலுக்கு 20-தான் எடுப்பார்கள்.

ஸ்டப் செட்டிங்கையும் சேருங்கள். நாலு காலின் ஸ்டப்பும் (கான்கிரீட்டில் புதையும் கால்துண்டு) டெம்ப்ளேட்டில் (அளவுச் சட்டத்தில்) பூட்டியபடியே கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். பக்கம், மூலைவிட்டம், மட்டம், சரிவு நாலும் பார்க்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் ஒத்துப்போய், சரிவு மட்டும் சற்று மாறினாலும் கீழ் பேனல் (டவரின் ஒரு அடுக்கு) போல்ட் எல்லாம் அழகாக ஏறும். மூன்றாவது பேனலில் ஓட்டை ஒத்துவராது. அப்போது கேங் என்ன செய்யும் தெரியுமா, டிரிஃப்ட் பின்னை அடித்து இழுக்கும், இல்லையென்றால் ஓட்டையை கேஸ் வைத்து அகலமாக்கும். கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) போச்சு. அந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும்.

தொய்வு, மார்ச் 7, மதியம் 12.10

மணல் திருத்தம் சரி, ஏற்றுக்கொண்டேன்.

ரிலே, மார்ச் 8, இரவு 8.20

எர்த்திங்கை (டவரைப் பூமியோடு இணைப்பதை) கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள், அதனால் இங்கேயே. இடி டவர் உச்சியில் ஓடும் எர்த் வயரில் விழுந்து டவர் வழியாகப் பூமிக்கு இறங்கும். 30 கிலோஆம்பியர், டவர் அடி மின்தடை 10 ஓம் என்றால் டவர் 300 கிலோவோல்ட் எழும்பும். 400 கே.வி. இன்சுலேட்டர் தாங்கும் இடி அளவு 1425 பக்கம், பிரச்சினை இல்லை. அதே இடி, 50 ஓம் பாறையில்: 1500. டவரிலிருந்து கம்பிக்குத் திருப்பிப் பாயும், லைன் ட்ரிப் (தானாகத் துண்டிப்பு). (பக்கத்து டவர்களுக்கு எர்த் வயர் ஒரு பங்கைக் கொண்டுபோகும், ஆகவே இது மோசமான பக்கத்துக் கணக்கு. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரியும்.)

10 ஓமுக்குக் கீழே வரவில்லை என்றால் கவுண்டர்பாய்ஸ்: நாலு காலிலிருந்தும் கால்வனைஸ்டு கம்பியைப் புதைத்து வெளியே ஓட்டுவது. எல்லாரும் செய்கிற தப்பு அளவெடுக்கும் நேரம். எர்த் வயரை டவரில் கட்டியபிறகு மீட்டர் வைத்தால், பக்கத்து டவர்கள் எல்லாம் இணையாகச் சேர்ந்து அழகான 1 ஓம், 2 ஓம் காட்டும். காகிதத்தில் தங்கம், நிஜத்தில் பாறை. எர்த் வயர் ஏறும் முன்பே அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள்.

மின்விசிறி, மார்ச் 9, காலை 10.00

இத்தனை பாடு எதற்கு? நிலத்தடியில் கேபிளாகப் போட்டால் நிலத் தகராறும் இல்லை, மரமும் இல்லை, இடியும் இல்லை.

ரிலே, மார்ச் 9, காலை 10.25

400 கே.வி. கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 10 எம்விஏஆர் உண்டாக்கும். மேல்கம்பியைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. 50 கிலோமீட்டருக்கு 500. கேபிளின் திறனில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும், நடுநடுவே ரியாக்டர் ஸ்டேஷன் வேண்டும். ஆயிரம் மீட்டருக்குள் ஒரு ஜாயின்ட். ஃபால்ட் வந்தால் மேல்கம்பியை மணிக்கணக்கில் சரி செய்யலாம், கேபிளுக்கு வாரக்கணக்கு. நகர நடுவில், விமான நிலைய ஓரத்தில், சில கிலோமீட்டருக்குப் போடுவார்கள். 100 கிலோமீட்டர் கேபிள்தான் வேண்டும் என்றால் டிசிக்கு (நேர்மின்னோட்டத்துக்கு) போங்கள், அது வேறு விவாதம்.

தொய்வு, மார்ச் 10, இரவு 11.30

டவர் எழுப்புவது பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் மின்விசிறி கணக்கில் சரியாக இருந்த ஒரே பகுதி அதுதான். ஜின் போல் (தூக்கும் கம்பம்) வைத்துத் துண்டு துண்டாகவோ, தரையில் கோத்து கிரேனால் தூக்கியோ ஏற்றுவார்கள். இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, வரைபடத்தில் "ரிடன்டன்ட்" என்று எழுதிய மெல்லிய ஆங்கிள்கள். பேரைப் பார்த்து உபரி என்று நினைத்து, பீஸ் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மேலே போகிறார்கள். அந்த மெல்லிய துண்டு பாரம் தாங்குவதற்கு இல்லை. பெரிய கால் நடுவில் வளையாமல் பிடித்துக்கொள்வதற்கு. பிடிப்பு இல்லாத நீளம் இரண்டு மடங்கானால், நீண்ட மெல்லிய உறுப்பின் நெளிவுப் பலம் நாலில் ஒன்றாகும். ஒரு கை நீளத் துண்டு இல்லாததால் மொத்த டவரும் மடங்கலாம்.

இரண்டு, எல்லா போல்ட்டையும் இறுக்கி, தூக்குநூல் பார்த்து முடிக்காமல் கம்பி இழுக்கக் கூடாது. சாய்வு உயரத்தில் 360-இல் ஒரு பங்குக்குள். 45 மீட்டருக்கு 12.5 சென்டிமீட்டர். கம்பி ஏறியபின் நிமிர்த்த வழியில்லை.

தொய்வு, மார்ச் 11, மாலை 5.50

கம்பி இழுப்பதைத் தனியாக எழுதுகிறேன். பிழை அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான்.

ஒரு முனையில் புல்லர் (இழுக்கும் இயந்திரம்), மறுமுனையில் டென்ஷனர் (கம்பியை இறுக்கமாகப் பிடித்து விடும் இயந்திரம்), நடுவில் ஒவ்வொரு டவரிலும் உருளை. முதலில் மெல்லிய பைலட் கயிறு போகும், இப்போதெல்லாம் ட்ரோன் கொண்டுபோகிறது. அதைப் பிடித்து எஃகுக் கயிறு, அதன் வாலில் ரன்னிங் போர்டு (கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை), அதன் பின்னால் கண்டக்டர் இரண்டும் சேர்ந்து. தரையைத் தொடாமல் வர வேண்டும் என்பதற்குத்தான் டென்ஷனர். தரையில் இழுத்தால் கீறல்; ஒவ்வொரு கீறலும் பிறகு கொரோனா (காற்றில் மின்கசிவு) சத்தம்.

டிரம் (கம்பிச் சுருள்) அட்டவணையை முதலிலேயே போடுங்கள். ஒரு டிரம்மில் சுமார் 1800 மீட்டர். ஜாயின்ட் எங்கே விழும் என்று காகிதத்தில் தெரிய வேண்டும்: டவருக்கு 30 மீட்டருக்குள் விழக் கூடாது, ரயில், நெடுஞ்சாலை, ஆறு, வேறு லைன் கடக்கும் ஸ்பேனில் விழவே கூடாது. இரட்டைக் கம்பிக்கு இரண்டு டிரம்மும் ஒரே உற்பத்தித் தொகுதியாக இருக்கட்டும், க்ரீப் ஒத்துப்போகும். வேறு வேறு என்றால் இரண்டு வருடத்தில் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கும்.

மிட்ஸ்பான் ஜாயின்ட் (ஸ்பேனுக்கு நடுவே கம்பி முனைகளை இணைப்பது): எஃகு ஸ்லீவை (குழாய் உறையை) முதலில் அமுக்கு, பிறகு அலுமினிய ஸ்லீவ். அலுமினிய இழைகளை பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவ வேண்டும். அலுமினியம் காற்றில் பட்டதும் ஆக்சைடு படலம் வந்துவிடும், அது மின்சாரம் கடத்தாது. ஸ்லீவை நகர்த்தும் முன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அடையாளம் போடுங்கள். அடையாளம் இல்லாமல் அமுக்கினால் ஸ்லீவ் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிடிப்பு குறையும். வெளியில் பார்த்தால் தெரியாது. சில வருடம் கழித்து உச்சப் பாரத்தில் அந்த ஜாயின்ட் மட்டும் தெர்மல் கேமராவில் மின்னும், பிறகு அறுந்து விழும். 100 டன் பிரஸ்ஸும் சரியான டையும் இருந்தால் பத்தாது, அமுக்கியபின் அறுகோணத்தின் குறுக்களவை வெர்னியரில் எடுத்து எழுத வேண்டும்.

தொய்வைச் சரிபார்த்து கிளாம்பில் பூட்டியபின் ஸ்பேசரை (இரட்டைக் கம்பியை விலக்கிப் பிடிக்கும் துண்டை) தள்ளிப்போடாதீர்கள். ஸ்பேசர் இல்லாத இரட்டைக் கம்பி ஒரே இரவுக் காற்றில் ஒன்றோடொன்று அடித்துக் கீறிக்கொள்ளும்.

சங்கிலி, மார்ச் 11, இரவு 7.15

காற்று என்றதும் புயல்தான் நினைவுக்கு வரும். ஆனால் கம்பியைக் கொல்வது தென்றல். நொடிக்கு 5 மீட்டர் காற்று, 31.77 மில்லிமீட்டர் விட்டம்: சுழல்கள் பிரிந்து கம்பி நொடிக்கு 30 தடவை அதிரும். கண்ணுக்கே தெரியாத அசைவு, கிளாம்ப் வாயில் இழை ஒவ்வொன்றாகக் களைத்து அறும். அதற்குத்தான் கிளாம்புக்குப் பக்கத்தில் டம்பெல் மாதிரி தொங்கும் ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர், 1920-களில் வந்த சாமான். கிளாம்பிலிருந்து எத்தனை மீட்டரில் என்று வரைபடம் சொல்லும். கைக்கு எட்டின இடத்தில் மாட்டினால் அலங்காரம்.

மின்விசிறி, மார்ச் 12, காலை 8.00

1998 கியூபெக் பனிமழையில் வரிசையாக டவர் விழுந்த படம் பார்த்தேன். இத்தனை கணக்குப் போட்டும் ஏன் வரிசையாக?

தொய்வு, மார்ச் 12, காலை 9.20

உறைபனி கம்பியைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒட்டும். கம்பியின் எடையைவிடப் பனியின் எடை பல மடங்கு. ஒன்று விழுந்தால் இரண்டு பக்கச் சமநிலையும் போய், அடுத்த சஸ்பென்ஷன் டவரை லைன் திசையில் இழுக்கும். சஸ்பென்ஷன் டவர் பக்கவாட்டுக் காற்றுக்கு வலுவானது, லைன் திசையில் அவ்வளவு இல்லை. அது விழும், அடுத்தது விழும். 2005 நவம்பரில் ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாண்டிலும் ஈரப்பனியில் எண்பதுக்கு மேல் டவர் போனது. நடுநடுவே முழு இழுவிசையையும் ஒரே பக்கம் தாங்கும் டெட்-எண்ட் டவர் வைத்தால் சரிவு அங்கே நிற்கும். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு டென்ஷன் டவர் வைப்பதற்கு கம்பி இழுக்க வசதி மட்டும் காரணம் இல்லை.

மின்விசிறி, மார்ச் 14, இரவு 9.30

சரி, புதுக் கணக்கு. கஷ்டமான லொக்கேஷன் எல்லாவற்றையும் முதல் நாளே தனிப் பட்டியல் போடுகிறேன்: ஆறு, ரயில், வேறு லைன் கிராசிங், காடு, தகராறு. அவற்றுக்கு அனுமதியும் பைல் கேங்கும் முதலில். சாதாரண டவர் பிறகு. இப்படி வைத்தால் எவ்வளவு?

தொய்வு, மார்ச் 14, இரவு 10.40

இப்போது சரியான கேள்வி. மாதக் கணக்கு நான் சொல்லமாட்டேன், பட்டியலைக் காட்டினால் சொல்லலாம். இரண்டு சேர்க்கை: ரயில் கிராசிங்குக்கும் சார்ஜ் ஆன லைன் கிராசிங்குக்கும் வரைபடம் தயாரானவுடனே விண்ணப்பம் போடுங்கள், அவர்கள் லைனை நிறுத்திக் கொடுப்பது அவர்கள் பாரம் குறையும் பருவத்தில்தான், அதைத் தவறவிட்டால் அடுத்த பருவம். ஆற்றுப் பைலுக்கு வறட்சிப் பருவம் மட்டும். ஒரு வருடத்தில் வேலை நாள் நாலைந்து மாதம்.

ரிலே, மார்ச் 15, காலை 7.50

கம்பி இழுத்தபின் ஒன்று பாக்கி. பக்கத்தில் சார்ஜ் ஆன லைன் இணையாக ஓடினால், உங்கள் லைன் இரண்டு முனையிலும் கழற்றியிருந்தாலும் அதில் கிலோவோல்ட் கணக்கில் தூண்டல் மின்னழுத்தம் இருக்கும். இரண்டு முனையிலும் எர்த் போட்டால் போதும் என்பது தப்பு. அந்தச் சுற்றில் தூண்டல் மின்னோட்டம் ஓடும். வேலை நடக்கும் டவரிலும் எர்த், புல்லரிலும் டென்ஷனரிலும் எர்த், ஆள் நிற்கும் இடத்தில் சமமின்னழுத்தப் பாய்.

ஒவ்வொரு எர்த்துக்கும் எண் போட்டு, லொக்கேஷன், தேதி, கட்டியவர் கையெழுத்தோடு பதிவேடு. சார்ஜ் பண்ணும் நாளில் எல்லாம் திரும்ப ஸ்டோரில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்விசிறி, மார்ச் 15, காலை 8.05

38 கட்டி, 37 திரும்ப வந்தால்?

ரிலே, மார்ச் 15, காலை 8.12

சார்ஜ் கிடையாது, அன்றைக்கு லைன் முழுக்க நடை. கண்டுபிடிக்காமல் பிரேக்கரை மூடினால் நேரடியாக பூமியோடு ஃபால்ட்டில் மூடுகிறீர்கள். அதற்கென்றே ஸ்விட்ச்-ஆன்-டு-ஃபால்ட் என்று ஒரு பாதுகாப்பு ரிலேயில் உண்டு, காத்திருக்காமல் உடனே ட்ரிப் பண்ணும். வேலை செய்கிறதா என்று முந்தின நாளே இரண்டு முனையிலும் சோதித்துவிடுங்கள். முதலில் ஒரு முனையில் மட்டும் மூடி, மறுமுனை திறந்தபடி வோல்டேஜும் ஃபேஸ் வரிசையும் பார்த்து, ரியாக்டர் சத்தம் கேட்டு, அதன்பிறகே மறுமுனை.

சங்கிலி, மார்ச் 15, காலை 8.30

அந்த 38-ஆவது எர்த் பெரும்பாலும் ஆற்றுக்கு நடுவில் இருக்கிற டவரில்தான் இருக்கும். படகுக்காரர் நம்பரை எழுதிவையுங்கள்.